ஞானாம்பாள் வண்டிகளுக்கு எந்த மொழி?

"ஜாவாவுலதான எழுதப் போற?"

ஞானாம்பாள் இப்படிக் கேட்டதும், வாய்க்குக் கொண்டுபோன டீ டம்ளர் எழில்மொழி கையில் பாதியிலேயே நின்றுவிட்டது. பூதலூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகை அது. சுற்றிலும் நெல் அறுக்கும் வண்டிகள் நின்றன. கிரீஸ் வாடை மூக்கைத் துளைத்தது. அந்த இடத்தில், வெற்றிலை போட்டுச் சிவந்த அந்த வாயிலிருந்து, ஜாவா என்ற சொல் வரும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை.

"ஜாவால்லாம் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"எனக்கு என்னத்தடி தெரியும்? சிங்கப்பூர்ல என் மாப்ளை இருக்காருல்ல, அவருகிட்ட போன்ல சொன்னேன். 'அத்தை, யாவாரத்துக்குன்னா ஜாவாதான். வேற எதுலயாச்சும் எழுதறேன்னு வந்தா விட்டுறாதீங்க'ன்னாரு. நான் விடமாட்டேன், சொல்லிட்டேன்."

எழில்மொழி அவருக்கான புரோகிராமை எழுத நினைத்திருந்ததோ பைத்தான் மொழியில். டம்ளரைக் கீழே வைத்தாள். எதிரில் நின்ற வண்டிகளைப் பார்த்தாள். வழி கிடைத்துவிட்டது.

"அக்கா, உங்ககிட்ட டயர் வண்டியும் இருக்கு, செயின் வண்டியும் இருக்கு. ரெண்டு எதுக்கு?"

"காஞ்ச வயல்னா டயர் வண்டி சல்லுனு போயிட்டு வந்துரும். ஈரம்னா செயின் வண்டிதான். மெதுவாத்தான் போவும், ஆனா பொதையாது."

"அவ்வளவுதான்க்கா. ஜாவா செயின் வண்டி. ஒவ்வொண்ணையும் அதுக்கு வெவரமாச் சொல்லணும், எழுத நேரமாகும், ஆனா சேத்துல மாட்டாது. பைத்தான் டயர் வண்டி. இன்னைக்கி ஏறி உக்காந்தா இன்னைக்கே போயிட்டு வந்துரலாம்."

ஞானாம்பாள் வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றினார். யோசித்தார்.

"ஏண்டி, நம்ம ஊரு வயல் தை மாசத்துல என்னிக்கி முழுசா காஞ்சிருக்கு?"

கொட்டகையில் ஸ்பேனரோடு குனிந்திருந்த டிரைவர் பரிதி, குனிந்தபடியே சிரித்தார். எழில்மொழிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன் உவமையை வைத்தே தன்னை மடக்கிய ஒரு வாடிக்கையாளரை அவள் சென்னையில்கூடப் பார்த்ததில்லை.

எழில்மொழியின் ஊர், பூதலூரிலிருந்து கிளம்பும் மினி பஸ் திரும்பி வரும் கடைசி ஊர். அப்பா நெடுஞ்செழியனும் அம்மாவும் அறுப்புக் காலத்தில் அரிவாளை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கூலிக்குக் கதிர் அறுக்கப் போனவர்கள். அந்தத் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். எம்.சி.ஏ. முடித்தபோது, கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவள் நிற்கும் படத்தை அப்பா ஃப்ளெக்ஸ் அடித்து பஸ் நிறுத்தத்தில் கட்டினார். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்டுகிற இடம் அது. ஒரு பெண்ணின் படிப்புக்கு அங்கே ஃப்ளெக்ஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. காற்றில் கிழிந்து தொங்கும் வரைக்கும் யாரும் அதை அவிழ்க்கவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு பெண்ணின் படம் ஏறியது. இப்போது அந்தக் கம்பத்துக்கு ஆண்டுதோறும் வேலை இருக்கிறது.

சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மென்பொருள் பார்க்கும் இடத்தில் வேலை. சம்பளத்தைச் சேர்த்து அப்பா பெயரில் ஒரு ஏக்கர் நிலம் வாங்கினாள். ரோட்டிலிருந்து உள்ளே ஓடும் நீளமான, ஒடுக்கமான துண்டு. பள்ளம் வேறு. மழை பெய்தால் தண்ணீர் வடியாது, அதனால்தான் மலிவாகக் கிடைத்தது. "குளத்தை வெலைக்கி வாங்கிட்டான் நெடுஞ்செழியன்" என்று ஊரில் சிரித்தார்கள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் வயலுக்குத் தானே மடை திறக்கிற சந்தோஷத்தில் இருந்தார்.

பிறகு அவள் சென்னை வேலையை விட்டுவிட்டு, கூடப் படித்த அப்சரோடு சேர்ந்து தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் சொந்தமாக ஆபீஸ் போட்டாள். அப்சர் அதிராம்பட்டினத்துப் பையன். அவன் வீட்டில் ஆண்கள் எல்லோரும் துபாய்க்கோ சவுதிக்கோ போனபோது, தஞ்சாவூருக்கு மட்டுமே போன ஒரே ஆள் என்று அவனை அவன் வீட்டிலேயே கேலி செய்வார்கள். ஆபீஸ் தொடங்கி வருஷம் ஒன்று ஓடிவிட்டது. கிடைத்ததெல்லாம் சில்லறை வேலைகள். துணிக்கடைக்கு பில் போடும் புரோகிராம், பல் டாக்டருக்கு டோக்கன் புரோகிராம். இந்த நேரம் பார்த்து சென்னை மேனேஜர் அவளை மறுபடி கூப்பிட்டிருந்தார். நல்ல சம்பளம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எந்த வண்டி யார் வயலுக்கு எப்போது போக வேண்டும் என்று ஞானாம்பாளின் வண்டிகளுக்கு முறை போடும் புரோகிராம் இந்த அறுப்பில் ஓடிவிட்டால், அந்த வட்டாரத்து வண்டிக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். ஓடாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதை அப்சரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். வீட்டில் மூச்சு விடவில்லை.

"அந்தக்கா மாப்ளை கரெக்டாத்தான் சொல்லிருக்காரு," என்றான் அப்சர் அன்று மத்தியானம். உம்மா கொடுத்துவிட்ட மீன் குழம்பை இரண்டு தட்டிலும் ஊற்றிக்கொண்டிருந்தான். "வியாபாரத்துக்கு எழுதற புரோகிராம் அஞ்சு வருஷம், பத்து வருஷம் ஓடணும். நாளைக்கி நீயும் நானும் இல்லாம வேற ஒருத்தன் வந்து படிச்சாலும் புரியணும். இது எண்ணு, இது பேரு, இது தேதின்னு ஜாவால எல்லாத்தையும் மொதல்லயே சொல்லி வச்சிருவோம். மாத்தி வச்சா எழுதும்போதே கத்தும்."

"கத்தும் கத்தும். ஒரு பேரை எடுத்து ஸ்க்ரீன்ல காட்டறதுக்கு நீ ஒரு பக்கம் எழுதுவ. நான் பைத்தான்ல நாலு வரில முடிச்சிட்டு டீ குடிக்கப் போயிருவேன்."

"டீ குடிச்சிட்டு வந்து பாத்தா புரோகிராம் படுத்திருக்கும். பைத்தான்ல தப்பு எப்ப தெரியும்? ஓடும்போதுதான். அதுவும் வாடிக்கையாளர் முன்னாடி."

"அப்ப ஒண்ணு செய்வோம், கோபோல்ல எழுதுவோமா?"

அப்சர் சிரித்தான். அவள் சென்னையில் கட்டி மாரடித்தது அந்தப் பழைய கோபோல் மொழியோடுதான். "அதுக்கு அறுபது முடிஞ்சு, திருக்கடையூர்ல மாலையும் மாத்தியாச்சு. விட்டுரு."

"மாலை மாத்துனா என்ன? இன்னமும் பேங்க்ல, இன்சூரன்ஸ்ல அதுதான் உக்காந்து கணக்குப் பாக்குது. ஒரு பைசா தப்பு வராது. நீ கேவலமாப் பேசாத."

"சரிம்மா தாயே. பி.எச்.பி.?"

"துணிக்கடைக்கு அதுலதான எழுதுனோம். வேகமா முடிஞ்சுது, குத்தம் சொல்ல முடியாது. ஆனா இப்ப அதத் தொறந்து பாக்கவே பயமா இருக்கு."

"அது மொழி குத்தம் இல்ல. நீ எழுதுனது அப்படி."

பேச்சு சாப்பாடு முடிந்து, தட்டு காய்ந்து, ஜெராக்ஸ் கடைக்காரர் கீழிருந்து "என்ன தம்பி, மேல சண்டையா?" என்று குரல் கொடுக்கும் வரை போனது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரே வேலையை இருவரும் தனித்தனியாக, அவரவர் மொழியில் எழுதுவது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஞானாம்பாள் அக்கா எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதுதான். தோற்றவர் ஜெயித்தவருக்கு ஒரு மாதம் டீ வாங்கித் தர வேண்டும்.

எழில்மொழி சொன்னபடியே சீக்கிரம் முடித்தாள். அப்சர் கடைசி நாள் வரை தாடியைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். வியாழக்கிழமை இரண்டு லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு பூதலூர் கொட்டகைக்குப் போனார்கள்.

ஞானாம்பாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழில்மொழியின் திரைக்கு முன் உட்கார்ந்தார். ஒரு விவசாயி பெயரை அடித்தார். நிலம் எவ்வளவு என்று கேட்ட இடத்தில் '3 மா' என்று போட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர், வயதானவர்கள் இன்னும் மாக் கணக்கில்தான் பேசுவார்கள். வண்டிக்கு ஏக்கருக்கு ஒரு மணி நேரம். ஆகவே அந்த வயலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். புரோகிராம் மூன்று மணி நேரம் ஒதுக்கியது.

"என்னடி இது, வண்டி வயல்ல படுத்துத் தூங்கிட்டு வருமா?" என்றார் ஞானாம்பாள்.

எழில்மொழிக்குக் காது சூடானது. ஒரே ஒரு இடத்தில், மா என்ற சொல்லை விட்டுவிட்டு வெறும் எண்ணை மட்டும் எடுத்திருந்தாள். பைத்தான் ஒரு வார்த்தை கேட்காமல், மூன்றை மூன்று ஏக்கராக வாங்கிக்கொண்டது. அப்சர் பக்கத்தில் நின்று மெல்ல இருமினான்.

"நானும் அதே தப்பத்தான் பண்ணேன்," என்றான். பெருந்தன்மையாகச் சொல்வதுபோல் இருந்தாலும் முகத்தில் பூரிப்பு வழிந்தது. "மா ஒரு வகை, ஏக்கர் ஒரு வகைன்னு பிரிச்சு வச்சிருந்தனா, ரெண்டையும் ஒண்ணாக் கலந்ததும் ஓடவே மாட்டேன்னுருச்சு."

"பாத்தியா, மாப்ளை சொன்னாருல்ல!" என்றார் ஞானாம்பாள்.

எழில்மொழி அங்கேயே உட்கார்ந்து அதைத் திருத்திவிட்டாள். திருத்துவதற்கு ஆன நேரம் பரிதி ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரம்தான். "இவ்வளவு சீக்கிரமாவா?" என்று ஞானாம்பாள் மறுபடி கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். ஆகவே யார் ஜெயித்தது என்று அன்றும் தெரியவில்லை. "ரெண்டும் நாளைக்கி வயலுக்கு வரட்டும். எழிலு, உங்க ஊருதான் மொத ஊரு. அங்க வச்சுப் பாத்துக்குவோம்," என்று சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை.

காலையில் வானம் மூடிக்கொண்டிருந்தது. தை மாதத்தில் வரக் கூடாத மேகம். முற்றிய கதிர் மழையில் சாய்ந்தால் முளைத்துப்போகும், ஈரநெல்லைக் கொள்முதல் நிலையத்தில் வாங்கமாட்டார்கள். அதனால் பதிவு செய்த எல்லோரும் விடிந்ததுமே ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். பரிதி செயின் வண்டியை லாரியிலிருந்து இறக்கினார். இரண்டு புரோகிராமும் ஒரே பெயரைத்தான் முதலில் காட்டின. செல்லதுரை. ஊரில் எதற்கும் முதலில் போன் அடிப்பவர் அவர்தான். பால்வாடிக்கு அரிசி வந்தால்கூட முதலில் தெரிந்துகொள்கிற மனுஷன்.

"நம்மதுதான் மொதோ!" என்று செல்லதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க தம்பி, வாங்க, வண்டியக் கெளப்புங்க."

பரிதி வண்டியைக் கிளப்பவில்லை. ஏணியில் ஏறி நின்று, கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தார்.

"எந்தப் பக்கமாண்ணே எறக்கறது?"

செல்லதுரை கையைக் காட்டிய இடம் நட்டநடுவில் இருந்தது. அவர் வயலுக்கு நாலா பக்கமும் வழி இல்லை. கிழக்கே ரெங்கம்மாள் வயல், அது நீண்ட நாள் ரகம், இன்னும் பச்சை கலையவில்லை. வடக்கே வாய்க்கால். மற்ற இரண்டு பக்கமும் கதிர் தலைசாய்த்து நின்றது. அதன் வழியாக வண்டி போனால் பாதி நெல் செயினுக்கு அடியில்தான் போகும்.

ரோட்டில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

"கம்ப்யூட்டர்ல போட்டா வண்டிக்கி றெக்க மொளைக்கும்னு நெனச்சுருச்சு போல!"

"ஏன் செல்லதொர, வண்டியத் தலைல வச்சுத் தூக்கிட்டுப் போயேன்!"

ஞானாம்பாள் எழில்மொழி பக்கம் திரும்பினார். "வெளி வயல அறுத்தாத்தான உள் வயலுக்கு வழி? இதப் போடலையா நீ?"

"நீங்க சொல்லலையேக்கா!"

"இத வேறயா சொல்லுவாங்க? சோத்த வாயில வையின்னா சொல்றோம்?"

எழில்மொழி வயலைப் பார்த்தபடி நின்றாள். அப்சர் விட்டதில் வியப்பில்லை, அவன் கடலோரத்துக்காரன். தான் எப்படி இதை விட்டோம் என்று அவளுக்கே முதலில் பிடிபடவில்லை. அப்புறம் பளிச்சென்று தெரிந்தது. அவள் பார்த்து வளர்ந்த அறுப்பு அரிவாள் அறுப்பு. அம்மாவும் அப்பாவும் ஆட்களோடு வரப்பு மேலேயே நடந்து எந்த நடு வயலுக்குள்ளும் போய் இறங்கிவிடுவார்கள். கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு அதே வரப்பில் திரும்பி வருவார்கள். ஒரு ஆள் கால் வைக்க இடம் இருந்தால் போதும், அதுதான் வழி. அவள் மனதுக்குள் இருந்த வயலுக்கு எப்போதுமே எல்லாப் பக்கமும் வழி இருந்தது. நிலமும் வண்டியும் வைத்திருந்த வீட்டில் பிறந்திருந்தால் இந்தத் தப்பு வந்தே இருக்காது.

இதை நினைத்ததும் வெட்கப்படுவதற்குப் பதிலாக அவளுக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. கூட்டத்தோடு சேர்ந்து தானும் சிரித்தாள். "அப்சர், நீ ஜாவால தப்பா எழுதியிருக்க, நான் பைத்தான்ல தப்பா எழுதியிருக்கேன். ரெண்டும் ஒரே தப்பு," என்றாள்.

"தப்பப் பிடிச்சுக் கத்துற கம்பைலர்கூட இதச் சொல்லலையே," என்று அவன் தலையைச் சொறிந்தான்.

அதற்குள் ரோட்டில் வேறொரு கச்சேரி ஆரம்பித்துவிட்டது. வழி கொடுக்கிற வயலை முதலில் அறுப்பார்கள் என்று தெரிந்ததும், ரோட்டோர வயல்காரர்கள் எல்லோருக்கும் திடீரென்று தாராள மனசு வந்துவிட்டது.

"நம்ம வயல் வழியாப் போங்க தம்பி, நமக்கு ஒண்ணும் இல்ல!"

"அவரு வயலு திருப்பம். வண்டி திரும்பாது. நம்மது நேரா இருக்கு பாருங்க!"

"போன வருசம் ஆட்டுக்குட்டி போறதுக்கு வழி விடாதவன் இன்னைக்கி வண்டிக்கி வழி விடறானாம்!"

வானம் ஒரு முறை உறுமியது. குரல்கள் இன்னும் உயர்ந்தன. ஞானாம்பாள் வண்டியின் படியில் ஏறி நின்று இரண்டு கையையும் தட்டினார்.

"எல்லாரும் வாய மூடுங்க! எழிலு, இதுக்கு ஒரு வழி சொல்லு. இல்லாட்டி வண்டிய லாரில ஏத்திட்டு நான் போய்கிட்டே இருப்பேன்."

எழில்மொழி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எந்த வயல அறுத்தா உள்ள நெறைய வயலுக்கு வழி தொறக்குதோ, அது மொதல்ல. ரெண்டு வயல் சமமா வந்தா, யாரு முன்னாடி போன் பண்ணாங்களோ அவங்க. சம்மதமா?"

ஆளாளுக்கு யோசித்தார்கள். ஒவ்வொருவரும் அது தன் வயலாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டது முகத்திலேயே தெரிந்தது. "சம்மதம், சம்மதம்" என்றார்கள். அவளும் அப்சரும் யார் வயலுக்குப் பக்கத்தில் யார் வயல் என்று அவர்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார்கள். அப்சரின் லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. காரில் போட்டு ஏற்றிக்கொண்டே எழுதுகிறேன் என்று அவன் தூரத்தில் புளியமரத்தடியில் நிறுத்தியிருந்த காருக்குப் போய்விட்டான்.

எழில்மொழி வண்டியின் படியிலேயே உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை விரித்தாள். தன் எழுத்தில் ஒரு இடத்தைப் பிரித்து, புதிய விதியை நுழைத்தாள். பைத்தானை டயர் வண்டி என்று சொன்னது பொய்யில்லை. யாரோ வாங்கிவரச் சொன்ன டீ வந்து சேரும் முன்பே பட்டியல் வந்துவிட்டது. முதல் பெயரைப் பார்த்தாள்.

நெடுஞ்செழியன்.

அப்பா வயல். அந்தப் பள்ளத்துத் துண்டு. வீட்டு வயலை முன்னால் போட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றுதான், முந்தின நாள் அப்பாவின் பெயரைக் கடைசியாகப் பதிந்திருந்தாள். இப்போது அது எல்லோரையும் தாண்டி முன்னால் வந்து நின்றது. திரும்பச் சரிபார்த்தாள். அதே பெயர்.

"யாரு பேருடி?" என்றார் ஞானாம்பாள்.

அவள் சொன்னாள்.

செல்லதுரை கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அது முன்பு சிரித்த சிரிப்பு இல்லை. "அட்றா சக்கை! எழுதுனது மவ, மொதல்ல வர்றது அப்பன்! என்னா புரோகிராமு, என்னா புரோகிராமு!"

"நாங்களும் புள்ளைய கம்ப்யூட்டர் படிக்க வச்சிருக்கணும்யா."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற நெடுஞ்செழியன் முன்னால் வந்தார். "வேணாம்மா," என்றார். "நம்மது கடைசிலயே இருக்கட்டும். பேச்சு எதுக்கு?"

எழில்மொழிக்கு அதுதான் தாங்கவில்லை. ஊர் கேலி செய்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பா இப்படி ஒதுங்கிப்போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதோடு, புரோகிராமை ஊர் நம்பாவிட்டால் எந்த வண்டிக்காரரும் நம்பமாட்டார். அப்புறம் சாயங்காலம் சென்னைக்குச் சரி என்று சொல்ல வேண்டியதுதான்.

"அப்பா, நில்லுங்க," என்றாள். "அக்கா, அப்சர் அங்க காருக்குள்ள இருக்கான். அவன் போனதுக்கப்பறம் இங்க பேசுனது எதுவும் அவன் காதுல விழல. அவன் எழுதறது வேற மொழி. நான் எழுதுனத அவன் பாத்ததில்ல, அவன் எழுதுனத நான் பாத்ததில்ல. அவன்கிட்ட என்ன வருதுன்னு பாப்போம். யாரும் அங்க போவக் கூடாது, போன் போடக் கூடாது."

"இது பேச்சு!" என்றார் ஞானாம்பாள். "செல்லதொர, நீ போனக் குடு இங்க. நீதான் மொதல்ல அடிப்ப."

செல்லதுரை முணுமுணுத்துக்கொண்டே போனைக் கொடுத்தார். எல்லோரும் ரோட்டில் நின்று புளியமரத்தைப் பார்த்தார்கள். காருக்குள் அப்சரின் தலை குனிந்தே இருந்தது. ஜாவாவில் அவன் ஒரு விதியை மாற்றினால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லா இடத்தையும் அது சுட்டிக்காட்டி, இதையும் மாற்று, அதையும் மாற்று என்று கேட்கும். டீ வந்தது. குடித்தார்கள். டம்ளர்கள் திரும்பிப் போயின. மேகம் இன்னும் கொஞ்சம் கறுத்தது.

"செயின் வண்டின்னு சொன்ன, சரி. அதுக்காக இம்புட்டு மெதுவாவா?" என்றார் ஞானாம்பாள்.

"மெதுவா வந்தாத்தான் இன்னைக்கி நல்லதுக்கா," என்றாள் எழில்மொழி.

கடைசியில் கார்க் கதவு திறந்தது. அப்சர் லேப்டாப்பை ஒரு கையில் தாங்கிக்கொண்டு நடந்து வந்தான். ஊரே தன்னை வைத்த கண் வாங்காமல் பார்ப்பதைக் கண்டு நடை கொஞ்சம் தடுமாறியது.

"என்ன? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. உன்னோடதுல மொதல்ல யாரு, படி," என்றார் ஞானாம்பாள்.

அப்சர் திரையைப் பார்த்தான். எழில்மொழியைப் பார்த்தான். சங்கடமாக நெளிந்தான். "நான் சரியாத்தான் எழுதுனேன். ஆனா நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாது..."

"படி தம்பி!"

"நெடுஞ்செழியன்."

எழுந்த சத்தத்தில் வரப்பில் நின்ற கொக்குகள் பறந்துவிட்டன. அப்சர் மிரண்டு ஒரு அடி பின்னால் போனான். பரிதி ஏணியில் ஏறி வயல்களை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "அட, ஆமாண்ணே," என்றார். "அந்த நீளத் துண்டு உள்ள வரைக்கும் போவுது பாருங்க. அத அறுத்துட்டா செல்லதொர அண்ணன் வயலு, அதுக்கு அடுத்தது, அந்தப் பக்கம் இன்னொண்ணு, மூணுக்கும் வழி ஆயிருது. மத்த எந்த வயல அறுத்தாலும் ஒண்ணுக்குத்தான் வழி." பரிதி ஆத்தூர்க்காரர். இந்த ஊரில் அவருக்குச் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை.

"குளத்த வாங்குனான், குளத்த வாங்குனான்னு சிரிச்சோம்," என்று செல்லதுரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடேசில குளத்து வழியாத்தான் நான் கரையேறணும் போலருக்கு. நெடுஞ்செழியண்ணே, போவட்டும், சீக்கிரம் அறுங்க. அடுத்தது நான்."

வண்டி உறுமிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கியது. நெடுஞ்செழியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடி, "இப்படி, இப்படி" என்று கையைக் காட்டினார். காட்டத் தேவையே இல்லை. பரிதி அதைச் சொல்லவும் இல்லை. முதல் தொட்டி நெல் டிராக்டரில் கொட்டியபோது நெடுஞ்செழியன் ஒரு கை அள்ளி, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, மகளுக்கும் நீட்டினார். அப்புறம் ஞாபகம் வந்தவராக அப்சருக்கும் நீட்டினார். அவன் உமியோடு மென்று, தும்மினான்.

"சரி, இப்ப சொல்லுங்கக்கா," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஜாவாவா, பைத்தானா? எனக்கு ஒரு மாசம் டீ நிக்குது."

ஞானாம்பாள் யோசிக்கவே இல்லை. "மாப்ளைக்கி என்னா தெரியும், சிங்கப்பூர்ல என்னா வயலா இருக்கு? இந்த அறுப்புக்கு அவ எழுதுனதுதான். நாளைக்கி ஒரு ஊருல ஒரு புதுத் தகராறு வரும், அன்னிக்கே மாத்தணும். அறுப்பு முடிஞ்சதும் நீ உக்காந்து உன் மொழில பொறுமையா, கெட்டியா எழுது. வண்டிக்காரங்க சங்கத்துல நான் பேசறேன். அத்தன பேரு வண்டியும் ஓடணும்னா கெட்டியா இருக்கணுமுல்ல? அது வரைக்கும் அவ பட்டியல் போடப் போட, நீயும் ஒரு தடவ போட்டுப் பாரு. ரெண்டும் ஒண்ணா வந்தாத்தான் நான் வண்டிய அனுப்புவேன்."

"அப்ப டீ?"

"டீ நான் வாங்கித் தர்றேன். ரெண்டு பேருக்கும். சண்டய நிறுத்துங்க."

அப்பா வயல் அறுத்து முடிகிற நேரத்தில் எழில்மொழி வரப்பில் கொஞ்ச தூரம் நடந்து போய் போனை எடுத்தாள். சாயங்காலம் வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. சென்னை மேனேஜர் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா. எப்ப ஜாயின் பண்ற?"

"இல்ல சார், மன்னிச்சுக்குங்க. நான் வரல. இங்கயே வேலை நெறைய ஆயிருச்சு."

"என்னம்மா, நல்ல ஆஃபராச்சே... என்னது அங்க சத்தம்? ஒண்ணுமே கேக்கல."

"அறுவடை வண்டி சார். இந்த வண்டிகளுக்குத்தான் நான் புரோகிராம் எழுதியிருக்கேன். யாருக்கு எப்ப வண்டி போகணும்னு அது முறை போடும்."

மேனேஜர் கோபித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்து அவள் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் குரல் வந்தது. இத்தனை வருஷத்தில் மீட்டிங்கில் ஒரு நாளும் கேட்காத, பணிவான குரல்.

"ஏம்மா, எங்க மாமனாருக்கு அம்மாபேட்டை பக்கம் கொஞ்சம் நெலம் இருக்கு. கதிரு முத்திப் போச்சு, வண்டி கெடைக்கலன்னு தெனம் போன் பண்ணிப் பொலம்பறாரு. உன் லிஸ்ட்டுல அவரு பேரையும் சேக்க முடியுமா?"

எழில்மொழி திரும்பி, பள்ளத்துத் துண்டைத் தாண்டி செல்லதுரை வயலுக்குள் நுழைந்துகொண்டிருந்த வண்டியைப் பார்த்தாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சேத்துரலாம் சார்," என்றாள். "வயல் ரோட்டோரமா, உள்ளயா?"